காயலான் கடைக்குப் போகும் குடும்பக் கோப்புகள்

பத்து வருடம் உழைத்த வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றிய புலம்பல் எல்லா வீடுகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆன் செய்தால் திரை வர ஐந்து நிமிடம், எதைத் தொட்டாலும் ஹேங், உள்ளே ஓயாத ஃபேன் இரைச்சல். அந்தக் கோபத்தில் பெட்டி எக்ஸ்சேஞ்ச் ஆஃபருக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போய்ச் சேர்கிறது. வயதாகிவிட்டது என்று காரணம் சொல்கிறோம். வயதானதால் மட்டும் ஒரு பிராசஸர் கணக்குப் போடும் வேகம் குறைந்துவிடுவதில்லை. தேய்வதும் அடைத்துக்கொள்வதும் அதைச் சுற்றியிருக்கும் சின்னப் பாகங்கள்தான். அவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு கொஞ்சம். சரிசெய்யாமல் பெட்டியையே தள்ளிவிடுவதால் வரும் ஆபத்துதான் பெரிது, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

மதர்போர்டில் ஒற்றை ரூபாய் நாணயம் போல ஒட்டியிருக்கும் பட்டன் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் சிஆர்2032 என்று அச்சிட்டிருக்கும்: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட வைப்பது இதன் வேலை. சில ஆண்டுகளில் இது தீர்ந்துபோகும். பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். வங்கித் தளம் திறக்காது, மின்னஞ்சல் திறக்காது, ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை மட்டும் வரும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 2010-லேயே நிற்கும் கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்காத ஒன்று. இணையம் சரியில்லை என்று கேபிள்காரரைத் திட்டுவார்கள், வைரஸ் என்று ஃபார்மட் செய்வார்கள். பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் விஷயம் இது. ஆன் செய்தவுடன் திரை வராமல் பீப் சத்தம் மட்டும் வந்தால், ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்துத் திரும்பச் செருகுவதுதான் சர்வீஸ் கடைகளில் முதலில் செய்யும் வேலை. உப்புக் காற்றடிக்கும் கடலோர ஊர்களில் இது அடிக்கடி தேவைப்படும்.

மெதுவாக ஓடுவதற்கு முக்கியக் காரணம் ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு என்பது கேட்க வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிதறிக் கிடக்கும் கோப்புகளைத் தேடி முள் அங்கும் இங்கும் ஓடும்போது நொடிக்கு நூறு இடங்களைப் படிப்பதே அதற்குப் பெரும்பாடு. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே நொடியில் பல ஆயிரம் இடங்களைப் படித்துவிடும். அதை மாட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்துக்குள் தயாராகிவிடுவது சாதாரணம். இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் தூசி. ஃபேன் அடைத்துக்கொண்டால் சூடு ஏறும், சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைப் புதிதாக வைத்தால் சத்தமும் அடங்கும், வேகமும் திரும்பும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதில் நியாயமும் உண்டு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கருவிகளை ஏற்பதில்லை. பாதுகாப்பு அப்டேட் வராத கம்ப்யூட்டரில் வங்கி வேலை பார்ப்பது தவறுதான். ஆனால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் 4 ஜிபி ரேமிலேயே ஓடும், அப்டேட்டும் தொடர்ந்து வரும், தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. கணக்குத் தணிக்கைக்கென்றோ வேறு தொழிலுக்கென்றோ விண்டோஸ் மென்பொருளை நம்பியிருப்பவர்கள் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும். பிள்ளைகளின் பாடம், கடிதம், வீடியோ என்று இருக்கும் வீட்டுக்கு அந்த அவசியம் இல்லை.

சரி, பிடிவாதமாகத் தள்ளிவிட்டே தீருவது என்றால் அந்தப் பெட்டியோடு என்னவெல்லாம் போகிறது? ஆதார் நகல், பத்திரத்தின் ஸ்கேன், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், மகளின் மதிப்பெண் சான்றிதழ், அப்பாவின் மருத்துவ ரிப்போர்ட், பத்து வருடப் புகைப்படங்கள். டெலீட் செய்துவிட்டோம் என்பார்கள். ஹார்டு டிஸ்க்கில் டெலீட் செய்தால் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் போகும். கோப்பு, அதன் மேல் வேறு எதுவும் எழுதப்படும்வரை, அப்படியே கிடக்கும். குவிக் ஃபார்மட்டும் கிட்டத்தட்ட இதே கதைதான். இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளை வைத்தே பெரும்பகுதியை வெளியே எடுத்துவிடலாம். லாகின் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பதும் ஆறுதல் இல்லை. டிஸ்க்கைக் கழற்றி, ஒரு யுஎஸ்பி கேபிள் வழியாக வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், என்கிரிப்ட் செய்யாத எல்லாமே திறந்த அலமாரிதான். 2022-ல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் என்றும் மதிப்பீடு. மிச்சம் எந்தக் கைகளுக்குப் போனது என்பதற்கு யாரிடமும் பதிவேடு இல்லை. ஈயமும் பாதரசமும் மண்ணில் சேர்வது பற்றி ஓரளவு பேச்சு இருக்கிறது. அடகுக்கும் கடனுக்கும் சிம் கார்டுக்கும் செல்லுபடியாகும் அடையாள நகல்கள் எடைக்கு விற்கப்படுவது பற்றி அந்த அளவுக்குக்கூட இல்லை.

அதனால் எஸ்எஸ்டி மாட்டும் அன்றே பழைய ஹார்டு டிஸ்க்கைக் கடைக்காரரிடம் இருந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டுப் புகைப்படங்களுக்குக் கூடுதல் நகலாக வைத்துக்கொள்ளலாம். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, ‘குவிக் ஃபார்மட்’ கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுக்க வேண்டும். டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதி முடியச் சில மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிட்டால் போதும். ஓடவே ஓடாத டிஸ்க்காக இருந்தால் மேல்மூடியைத் திறந்து, உள்ளே கண்ணாடி மாதிரி மின்னும் தட்டில் இரண்டு மூன்று இடத்தில் துளை போட்டுவிட்டு, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பு மையத்தில் சேர்க்கலாம்.