நெஞ்சு கிழிவதுபோல வலித்தால் வாய்வென்று இருந்துவிடாதீர்கள்

பொகவந்தலாவையில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் நாம் முதலில் தேடுவது தைலப் போத்தலையும் இஞ்சித் தண்ணீரையும்தான். சில வேளை அது வாய்வாகவே இருக்கலாம். ஆனால் தைலத்துக்குக் கேட்காத வலி ஒன்று உண்டு. அது பெருநாடிச் சுவர் பிளவு.

இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் இரத்தம் கொண்டுபோகும் தலைவாய்க்கால்தான் பெருநாடி. அதன் சுவரில் மூன்று படைகள் உண்டு. உட்படை கிழிந்தால் இரத்தம் படைகளுக்கிடையே புகுந்து பிரித்துக்கொண்டே போகும். நண்டு துளைத்த வயல் வரம்பு நமக்குத் தெரியும். வெளியே நன்றாக இருக்கும். உள்ளே தண்ணீர் அரித்துக்கொண்டிருக்கும். இதுவும் அப்படித்தான்.

ஆகவே இ.சி.ஜி.யும் எக்ஸ்ரேயும் சரியாக இருந்தாலும் இந்நோய் இல்லையென்று சொல்லிவிட முடியாது. 1996 ஜனவரியில் நியூயோர்க்கில் ஜொனதன் லார்சன் என்ற 35 வயது நாடக ஆசிரியர் நெஞ்சு வலியோடு இரண்டு வைத்தியசாலைகளுக்குப் போனார். ஒன்றில் உணவு நஞ்சாகியது என்றார்கள். மற்றதில் வைரஸ் காய்ச்சல் என்றார்கள். சில நாட்களில் வீட்டிலேயே இறந்தார். பெருநாடி பிளந்தது பிறகுதான் தெரிந்தது.

இதைக் காட்டிக்கொடுப்பது சி.டி. ஸ்கேன். கை நரம்பில் சாய மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள். கிழிந்த படை மெல்லிய கோடாகவும், இரத்தம் இரு வழியாக ஓடுவதும் அதில் தெரியும். பிளவு இதயத்தை ஒட்டிய பகுதியில் இருந்தால் உடனே சத்திரசிகிச்சை வேண்டும். கீழிறங்கும் பகுதியில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் பிரசரைக் குறைக்கும் மருந்து கொடுப்பார்கள். மாரடைப்பென்று நினைத்து இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் ஸ்கேன் இவ்வளவு முக்கியம்.

நாம் செய்ய வேண்டியது என்ன? நெஞ்சிலோ முதுகிலோ திடீரென, கிழிப்பதுபோலக் கடும் வலி வந்தால் 1990 இலவச அம்புலன்ஸை அழைப்போம். டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அங்கிருந்து கண்டி போன்ற பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப நேரலாம். பாதை நீளம், ஆகவே வீட்டில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. வலி எப்போது, எப்படித் தொடங்கியது, பிரசர் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் வந்ததா என்று டாக்டரிடம் சொல்வோம். சிறுநீரக வருத்தமோ மருந்து ஒவ்வாமையோ இருந்தால் ஸ்கேனுக்கு முன் அதையும் சொல்வோம்.

இந்நோய்க்கு முக்கிய காரணம் கட்டுப்படாத பிரசர். ஊரைவிட்டு அவசரமாகக் கிளம்பிய நம்மில் பலர் கிளினிக் கொப்பியையும் மாத்திரையையும் விட்டுவிட்டுத்தான் வந்தோம். கொப்பி இல்லையென்று வீட்டில் இருக்க வேண்டாம். அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குப் போய்ப் புதிதாகப் பதிவோம். பிரசரை அளந்து பார்ப்போம். மாத்திரையைத் திரும்பத் தொடங்குவோம்.