நாற்பது நாளில் முடிவதில்லை

ஜோகூர் பாருவில் தம்போய் பக்கம் இருக்கிறேன். கோயில்களுக்கும் கல்யாணங்களுக்கும் பூக்கட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. தாய்லாந்தில் பால்மாற்று ஆப்பரேஷன் முடித்து வரும் திருநங்கைப் பிள்ளைகளில், பெற்ற வீட்டுக்குப் போக முடியாதவர்கள் என் வீட்டில் வந்து படுத்துக்கொள்வார்கள். பல வருஷமாக இப்படித்தான். நானும் அதே ஆப்பரேஷனைச் செய்துகொண்டவள். வருகிறவர்கள் வந்த அன்றே கேட்பது ஒன்றுதான்: "நாற்பது நாள் ஆனா எல்லாம் சரியாயிடும்லக்கா?"

இந்த நாற்பது நாள் கணக்கு நம் திருநங்கை ஜமாத்தில் வழிவழியாக வந்தது. இந்தியாவில் தாயம்மா என்ற மூத்த திருநங்கையின் கையால் நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை அகற்றிக்கொள்ளும் சடங்கு, செய்துகொண்ட காலத்தில், செய்துகொண்டவளை நாற்பது நாள் ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். கண்ணாடி பார்க்கக் கூடாது, ஆண் முகத்தில் விழிக்கக் கூடாது. நாற்பதாம் நாள் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, புதுப்புடவை கட்டி, பால் சடங்கு நடக்கும். அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். சொந்தபந்தம் கைவிட்ட ஒருத்தியை வேலைக்கு அனுப்பாமல், சமைத்துப் போட்டு, வெந்நீர் வைத்துக் கொடுத்து, யாரோ ஒருத்தி ராத்திரி பகலாகப் பக்கத்தில் இருந்தாளே, அதைவிட நல்ல மருந்து அன்று கிடையாது. ஆனால் அன்று செய்தது அகற்றும் வேலை மட்டும். புண் ஆறினால் முடிந்தது. இன்று பிள்ளைகள் பணம் கட்டிச் செய்துகொண்டு வருவதில், இருந்த தோலையும் நரம்பையும் வைத்தே பெண்ணுறுப்பு ஒன்றை உருவாக்குகிறார்கள். சிறுநீர்க்குழாயின் நீளத்தைக் குறைக்கிறார்கள். சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில் புதிதாக ஒரு பாதை திறக்கிறார்கள். இதற்கு நாற்பது நாள் ஆரம்பத்துக்கே போதாது.

இந்த ஆப்பரேஷன் ஒரு காலத்தில் நம் ஊருக்கு எதிர்க்கரையிலேயே நடந்தது. 1971இல் சிங்கப்பூர் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் அந்த நாட்டின் முதல் பால்மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தவர் பேராசிரியர் எஸ். ஷான் ரத்னம், இலங்கையில் பிறந்த தமிழர். நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. சொன்னால் முகம் மலர்ந்து போகிறார்கள். கோலாலம்பூரில் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் கொஞ்ச காலம் செய்தார்கள். 1980களின் தொடக்கத்தில் தேசிய ஃபத்வா மன்றம் முஸ்லிம்களுக்கு இது கூடாது என்று சொன்ன பிறகு, அங்கே எல்லோருக்குமே நின்றுபோனது. தமிழ்நாட்டில் 2008இல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தார்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். நாமோ 1975 முதலே இதைச் செய்துவரும் தாய்லாந்துக்குப் போகிறோம். அங்குள்ள சர்ஜன்கள் கைதேர்ந்தவர்கள். ஆனால் மூன்றாவது வாரம் ரத்தம் கசிந்தால் காட்டுவதற்கு அவர்கள் பக்கத்தில் இல்லை. ஆப்பரேஷன் ஒரு நாட்டில், ஆறுவது இன்னொரு நாட்டில். நம் பிள்ளைகள் படும் பாட்டில் பாதி இதனால்தான்.

அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: திரும்பி வரும்போது என்ன செய்தார்கள், எந்த முறையில் செய்தார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதிய அறிக்கையை ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டு வா. கைத்தொலைபேசியிலும் படம் பிடித்து வை. இங்கே உன்னைப் பார்க்கச் சம்மதிக்கும் ஒரு மகளிர் நோய் மருத்துவரையோ சிறுநீர்ப்பாதை மருத்துவரையோ போவதற்கு முன்பே கண்டுபிடித்து வை. ஆப்பரேஷனுக்குச் சேர்த்த வெள்ளியில், வேலைக்குப் போகாமல் இருக்கப்போகும் மாதங்களின் வாடகையையும் தனியாக எடுத்து வை. ஆறு வாரம் என்பது குறைந்த கணக்கு. நின்றுகொண்டே செய்யும் வேலை, மூட்டை தூக்கும் வேலை என்றால் இன்னும் கூடும்.

ஆப்பரேஷன் முடிந்து ஒரு வாரம் போல உள்ளே துணி அடைத்து, சிறுநீருக்குக் குழாய் போட்டு வைத்திருப்பார்கள். அதை எடுத்து, சர்ஜன் பார்த்து அனுப்பிய பிறகுதான் பயணம். காசை மிச்சம் பிடிக்க ஹட்யாயிலிருந்து இரவு பஸ்ஸில் வர நினைப்பவர்களை நான் தடுக்கிறேன். பெரிய ஆப்பரேஷனுக்குப் பிறகு மணிக்கணக்காகக் காலை மடக்கி உட்கார்ந்தால் கெண்டைக்காலில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. விமானத்திலும் எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் படுத்தே கிடக்கக் கூடாது. வீட்டுக்குள்ளேயே மெல்ல நடக்கணும். முக்கி மலம் கழிக்கக் கூடாது என்பதால் பப்பாளி, கீரை, தண்ணீர், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மலமிளக்கி. சிகரெட் ஆப்பரேஷனுக்குப் பல வாரங்களுக்கு முன்பே நின்றிருக்க வேண்டும், பிறகும் தொடக் கூடாது. அது ரத்த ஓட்டத்தைக் குறைத்து, ஒட்ட வேண்டிய தோலைச் சாகடிக்கும். சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் நீரிழிவு அதிகம் இருப்பது நம் இந்தியர்களிடம்தான். சர்க்கரை ஏறினால் புண் ஆறாது.

கூலாயிலிருந்து ஒரு தாய் வந்தார், தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகள் என் வீட்டில் இருக்கிறாள் என்று யாரோ சொல்லி, பூண்டும் மிளகும் அரைத்த மருந்துக் குழம்பைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "பிள்ளை பெத்தவளுக்குச் செய்யறதுதானே, இவளுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?" என்றார். குழம்பைச் சாப்பிடக் கொடுத்தேன். அவர் கொண்டுவந்த மஞ்சளையும் நல்லெண்ணெயையும் மட்டும் புண்ணில் தடவ விடவில்லை. சாப்பாட்டில் பத்தியம் இருக்கட்டும், புண்ணில் சர்ஜன் சொன்னதைத் தவிர எதுவும் படக் கூடாது. தண்ணீர் குடித்தால் புண் ஊறிவிடும் என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள், தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், சிறுநீரில் கிருமி சேரும்.

இனி டைலேட்டர். இதைப் பற்றித்தான் வெட்கப்படாமல் பேச வேண்டும், ஏனென்றால் வெட்கத்தால்தான் பலர் ஆப்பரேஷனின் பலனையே இழந்திருக்கிறார்கள். உடம்பு புதிய பாதையை ஒரு புண்ணாகவே நினைக்கும், மூடப் பார்க்கும். காது குத்திய குழந்தையின் கம்மலைக் கழற்றி வைத்தால் துளை தூர்ந்துபோவது போலத்தான். அதைத் தடுக்க வழவழப்பான ஒரு கோலைக் கொடுத்தனுப்புகிறார்கள், சிறியதிலிருந்து பெரியதுவரை அளவு அளவாக. பரவலாகச் சொல்லப்படும் ஒரு முறை இது: முதல் மூன்று மாதம் நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடமாவது, ஆறு மாதம் வரை நாளைக்கு ஒரு தடவை, பிறகு வாரத்தில் இரண்டு மூன்று, அதற்கும் பிறகு வாரம் ஒன்றிரண்டு என்று ஆயுள் முழுக்க. சர்ஜனுக்கு சர்ஜன் கொஞ்சம் மாறும். உங்கள் சர்ஜன் சொன்னதே உங்களுக்குச் சட்டம். தண்ணீரில் கரையும் ஜெல்லைத் தாராளமாகப் போடணும், பார்மசியிலேயே கிடைக்கும். மூச்சை மெல்ல விட்டு, இடுப்புத் தசையைத் தளர்த்தி, சொல்லிக்கொடுத்த கோணத்தில் மெதுவாக. பலவந்தம் கூடவே கூடாது. லேசான ரத்தக்கறை வரலாம். கடும் வலி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்கணும். நான்காவது, ஐந்தாவது மாதத்தில் வேலைக்குத் திரும்பி, களைத்துப்போய், "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்களுக்கு ஆழம் குறைந்துவிட்டது. சுருங்கிய பிறகு மீட்பதென்றால் பெரும்பாலும் இன்னொரு ஆப்பரேஷன்தான்.

இதற்கு வேண்டியது தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை. தாமான் வீடுகளில் இரண்டு அறை, அண்ணன் தம்பி, தாத்தா பாட்டி எல்லோரும் இருப்பார்கள். நாளைக்கு மூன்று தடவை ஒருத்தி கதவைச் சாத்தினால் கேள்வி வரும். கேள்விக்குப் பயந்து இரண்டாகும், ஒன்றாகும். என் வீட்டில் பின்னறைக்குத் தாழ்ப்பாள் போட்டதுதான் நான் செய்த உருப்படியான காரியம். இந்தச் சுமையே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: வெளித்தோற்றத்தை மட்டும் அமைத்து, உள்பாதை திறக்காத ஆப்பரேஷன். அதற்கு டைலேட்டர் வேண்டாம், ஆறுவதும் சுலபம். அப்படி ஒன்று இருப்பதையே சொல்லாமல் நம் பிள்ளைகளை அனுப்பிவைக்கிறார்கள். சொல்லிவிட்டு, அவளே முடிவு செய்யட்டும்.

முதல் சில வாரம் மஞ்சளும் பழுப்புமாக நீர் வடியும், அதற்குப் பேட் வைக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பேட்டை அடிக்கடி மாற்றணும், தளர்வான பருத்தி உடுப்பு போடணும். வீக்கம் வடிய மாதங்கள் ஆகும்; முதல் மாதம் கண்ணாடியில் பார்த்துவிட்டு "என்னமோ ஆயிடுச்சு" என்று அழக் கூடாது. மரத்துப்போன இடத்தில் சுருக்கென்று மின்சாரம் பாய்வது போல வந்தால் அது நரம்பு திரும்புகிற அறிகுறி. உள்ளே தோலால் ஆன பாதை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளாது. சர்ஜன் சொன்னபடி உள்ளே கழுவணும், வாசனைத் திரவம் எதுவும் ஆகாது. சிவந்த சதை முளைத்து, தொட்டால் ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். மருத்துவர் சில்வர் நைட்ரேட் வைத்துச் சுட்டுவிடுவார். சிறுநீர்க்குழாய் குட்டையாகிவிட்டதால் கிருமி எளிதில் ஏறும். முன்னிருந்து பின்னாகத் துடைக்கணும்.

சிலதற்குக் காத்திருக்கவே கூடாது. ஒரு மணி நேரத்தில் பேட் நனைகிற ரத்தம், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் சீழ், சிறுநீர் அடைப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல்: உடனே 999. புதிய பாதை வழியாக வாயுவோ மலமோ வந்தால் மலக்குடலில் துளை விழுந்திருக்கலாம்; அபூர்வம்தான், ஆனால் அன்றே காட்டணும். இதையெல்லாம் அறிந்தும் போகாமல் இருக்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். காய்ச்சலோடு நான் போன ஒரு மருத்துவமனையில் அடையாள அட்டையில் இருந்த ஆண் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஆண்கள் வார்டில் படுக்கை கொடுத்தார்கள். நம் அட்டையின் கடைசி எண் ஆணுக்குரிய ஒற்றைப்படையாகவே இருக்கிறது. 2005இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஒருவருக்கு அதை மாற்ற அனுமதி கொடுத்தது. வேறு வழக்குகளில் மறுத்தார்கள். மலாய்ச் சகோதரிகளுக்கு ஷரியா சட்டத்தின் பயமும் சேர்ந்துகொள்கிறது. அந்த அவமானம் எனக்கு இன்னும் எரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், போங்கள். கூட ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது வாரத்துக்குப் பிறகு அழுகை வரும். இவ்வளவு ஆசைப்பட்டுச் செய்துகொண்டு ஏன் அழுகிறேன் என்று அவர்களுக்கே புரியாது. தூக்கமின்மை, வலி, ஆப்பரேஷனுக்காக ஹார்மோனை நிறுத்தியிருந்தது, தனிமை எல்லாம் சேர்ந்து வருவது அது. பெரும்பாலும் தணிந்துவிடும். தணியாவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், மனநல மருத்துவரைப் பார்க்கணும்.

இனி வருஷங்களின் கதை. விரைகளை எடுத்த பிறகு உடம்பு தானாகச் சுரப்பது மிகக் குறைவு. ஆண் ஹார்மோனை அடக்க எடுத்த மாத்திரை இனி வேண்டாம், ஈஸ்ட்ரோஜன் வேண்டும். "எல்லாம் முடிஞ்சிடுச்சே, இனி மாத்திரை எதுக்கு" என்று நிறுத்தினால் எலும்பு தேயும், உடம்பு கொதிக்கும், சோர்வு வரும். அதற்காகப் பார்மசியில் கருத்தடை மாத்திரையை வாங்கிக் கைக்கணக்கில் விழுங்குவதும் ஆபத்து. அதில் இருக்கும் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் ரத்தம் உறைய வைக்கும். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஈஸ்ட்ரடையால் மாத்திரையோ ஜெல்லோதான் சரி. வருஷம் ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனை. ஐம்பது தாண்டி, ஐந்து வருஷத்துக்கு மேல் ஹார்மோன் எடுத்தவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மேமோகிராம் எடுக்கணும். நம் அக்காமார்களுக்கே தெரியாத இன்னொன்று: இந்த ஆப்பரேஷனில் புரோஸ்டேட்டை எடுப்பதில்லை. அது உள்ளேயே இருக்கிறது. வயதானால் சிறுநீர் தடைபடலாம், அபூர்வமாகப் புற்றுநோயும் வரலாம். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லணும்: எனக்குக் கருப்பை கிடையாது, புரோஸ்டேட் இருக்கிறது. கர்ப்பம் தரிக்காது என்பதற்காக ஆணுறையை விட்டுவிடக் கூடாது. எச்ஐவியும் மற்ற தொற்றுகளும் ஆப்பரேஷன் ஆனதைப் பார்ப்பதில்லை.

ஜோகூரில் தமிழ் மருத்துவர்கள் நிறைய இருக்கிறீர்கள். பலருடைய கிளினிக்குக்கு ஆயுத பூஜைக்கு மாலை கட்டிக் கொடுத்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன். இந்த ஆப்பரேஷனை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. ஆறிவரும் புண்ணைப் பாருங்கள், ஈஸ்ட்ரடையாலை அளந்து எழுதிக்கொடுங்கள், தெரியாவிட்டால் படித்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். உங்கள் முன்மேசையில் இருக்கும் பெண்ணிடம் இன்றே ஒன்று சொல்லி வையுங்கள்: அட்டையில் இருக்கும் பெயரைச் சத்தம்போட்டுக் கூப்பிட வேண்டாம், வரிசை எண்ணைக் கூப்பிடட்டும்.