மாவு இருக்கு, மனசுதான் முடிவுக்கு வரலை

ஃப்ரிட்ஜில் தோசை மாவு, கூடையில் கத்தரிக்காய், டப்பாவில் ரவை, சேமியா. ஆனாலும் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தபடி, "ராத்திரிக்கு என்ன செய்யறது?" என்று நிற்கிறீர்களா, நேயர்களே? அது சோம்பல் அல்ல. வகை கூடினால் முடிவெடுப்பதும் சிரமமாகலாம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஒரு மளிகைக் கடையில் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இரு உளவியலாளர்கள் ஜாம் பாட்டில்களை அடுக்கி, ருசி பார்க்கச் சொன்னார்கள். 24 வகை இருந்தபோது, நின்று பார்த்த நூறு பேரில் வாங்கியவர்கள் சுமார் 3 பேர். 6 வகை மட்டும் இருந்தபோது சுமார் 30 பேர்! 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இது. பிறகு நடந்த எல்லா ஆய்விலும் இதே முடிவு வந்துவிடவில்லை.

இருந்தாலும், இன்று வீட்டில் இரண்டே பெயர் சொல்லிப் பாருங்கள்: "தோசையா, உப்புமாவா?" பதில் சட்டென்று வரும். உப்புமா என்று வருமா என்பது வேறு விஷயம்!