அதே 86, அதே 41

இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணி 2023-24 சீசனில் பிரீமியர் லீக்கில் 86 கோல் போட்டது, 41 கோல் வாங்கியது, நான்கு ஆட்டங்களில் தோற்று மூன்றாம் இடத்தில் முடித்தது. அடுத்த சீசனிலும் அதே 86, அதே 41, அதே நான்கு தோல்விகள். ஆனால் இந்த முறை கோப்பை அதற்குத்தான். ஒரு டிரா குறைந்து ஒரு வெற்றி கூடியதில் 82 புள்ளி 84 ஆனது, அவ்வளவே. இரண்டு சீசன்களுக்கும் இடையில் பயிற்சியாளர் மாறியிருந்தார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அணியை நடத்திய ஜெர்மானியர் யூர்கன் க்ளாப் விடைபெற, நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் அணியிலிருந்து ஆர்னே ஸ்லாட் வந்தார். இந்தக் கணக்கைப் பார்க்கும் எவருக்கும் ஒரு சந்தேகம் வரத்தான் செய்யும்: புதியவர் அப்படி என்னதான் செய்தார்? க்ளாப் கட்டிய அணி, க்ளாப் காலத்துப் புள்ளிகள். போட்டியாளர்கள் சறுக்கினார்கள், கோப்பை மடியில் வந்து விழுந்தது என்று முடித்துவிடலாமா? முடியாது என்பதே என் வாதம். ஸ்லாட் செய்த வேலை ஆண்டு இறுதிக் கூட்டுத்தொகையில் தெரியாது. அந்தத் தொகை எப்போது சேர்ந்தது, யார் மூலம் சேர்ந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். பிரீமியர் லீக்கில் 20 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 19 அணிகளுடனும் சொந்த மைதானத்தில் ஒன்று, வெளியூரில் ஒன்று என 38 ஆட்டங்கள் ஆடும். வெற்றிக்கு மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று. இறுதிப்போட்டி என்று எதுவும் இல்லை. மே மாதம் பட்டியலில் மேலே நிற்பவர் சாம்பியன். க்ளாபின் கடைசி சீசனில் 30 ஆட்டங்கள் முடிந்தபோது லிவர்பூல் 70 புள்ளிகளோடு முதலிடத்தில்தான் இருந்தது. ஸ்லாட்டின் அணி அதே கட்டத்தில் 73. வித்தியாசம் பெரிதல்ல. அடுத்த நான்கு ஆட்டங்களில்தான் பாதை பிரிகிறது. 2024 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் டிரா, சொந்த மண்ணில் கிரிஸ்டல் பேலஸிடம் தோல்வி, ஃபுல்ஹாமை வென்ற கையோடு எவர்ட்டனிடம் தோல்வி என்று நான்கே புள்ளிகள் தேறின. 2025 ஏப்ரலில் ஸ்லாட்டின் அணியும் ஃபுல்ஹாமிடம் தோற்றது; ஆனால் அடுத்த மூன்றையும் வென்றது. மூன்றாவதான ஏப்ரல் 27 ஆட்டத்தில் டாட்டன்ஹாமை 5-1 என்று வீழ்த்தி, இன்னும் நான்கு ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போதே கோப்பையை உறுதி செய்துகொண்டது. அன்றைக்கு அதன் கையில் 82 புள்ளிகள் இருந்தன. க்ளாபின் அணி 38 ஆட்டங்களில் சேர்த்ததை ஸ்லாட்டின் அணி 34 ஆட்டங்களில் சேர்த்துவிட்டது. கோப்பை கைக்கு வந்தபின் ஆடிய நான்கில் இரண்டு தோல்வி, இரண்டு டிரா. கொண்டாட்டக் களைப்பில் ஆடிய அந்த நான்கு ஆட்டங்கள்தான் இரண்டு சீசன்களையும் இரட்டைப் பிள்ளைகள்போல் காட்டுகின்றன.

அடுத்த ஆட்சேபம் இதைவிடக் கனமானது: போட்டியாளர்கள் சரிந்தார்கள். மறுக்க முடியாது. முந்தைய ஆண்டு கடைசி ஒன்பது ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று 91 புள்ளி எடுத்த மான்செஸ்டர் சிட்டி, 2024 செப்டம்பரில் நடுகளத் தூண் ரோட்ரியை முழங்கால் காயத்துக்குப் பறிகொடுத்துத் தடுமாறி 71 புள்ளியில் நின்றது. 89 எடுத்த ஆர்சனல் 74க்கு இறங்கியது. அந்த ஆர்சனலும் நான்கு ஆட்டங்களில் மட்டுமே தோற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். அதைக் கவிழ்த்தவை 14 டிராக்கள். புகாயோ சாக்கா, காய் ஹாவர்ட்ஸ் போன்றவர்கள் மாதக்கணக்கில் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் போட்டியாளர் சரிவதை லிவர்பூல் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கவில்லை. 2023-24இல் சிட்டியுடன் ஆடிய இரண்டும் 1-1 டிரா. 2024-25இல் இரண்டையும் 2-0 என்று வென்றது, ஒன்று சிட்டியின் சொந்த மைதானத்திலேயே. செப்டம்பரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் தோற்றபின், ஏப்ரல் தொடக்கம்வரை லீக்கில் 26 ஆட்டங்கள் தோல்வியே இல்லை. எதிராளி தடுக்கி விழும்போது தானும் கூடவே தடுக்கி விழுகிற அணிகளை லீக் வரலாறு நிறையப் பார்த்திருக்கிறது.

"கட்டிய வீட்டில் குடிபுகுந்தார்" என்பது இன்னொரு குற்றச்சாட்டு. ஸ்லாட்டுக்கு வாங்கிக் கொடுத்த புது ஆட்டக்காரர் அந்த ஆண்டு ஒரே ஒருவர், இத்தாலியின் ஃபெடரிகோ கியேசா. அவரும் லீக்கில் சில ஆட்டங்களில்தான், அதுவும் பெரும்பாலும் கடைசி நிமிடங்களில் இறங்கினார். ஆக, வென்றது க்ளாபின் ஆட்டக்காரர்கள்தான். ஆனால் கட்டிய வீட்டில் குடிபுகுவது அத்தனை எளிதா என்று மான்செஸ்டர் யுனைடெட்டைக் கேட்டால் தெரியும். 2013இல் அலெக்ஸ் ஃபெர்குசன் 89 புள்ளிகளோடு சாம்பியனான அணியை டேவிட் மோய்ஸிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். மோய்ஸ் பழைய துணைப் பயிற்சியாளர்களை மாற்றித் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். சீசன் முடியும் முன்பே அவர் வேலை போனது. அணி 64 புள்ளியோடு ஏழாம் இடத்தில் முடித்தது. ஃபெர்குசன் விட்டுப்போன அணிக்கு வயதாகியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆர்சனலின் நீண்டகாலப் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் போனபின் அங்கே வந்த உனாய் எமெரி ஒன்றரை ஆண்டு அளவே தாக்குப்பிடித்தார். இங்கிலாந்துக்கு வந்த முதல் சீசனிலேயே பிரீமியர் லீக்கை வென்றவர்கள் ஸ்லாட்டுக்கு முன் நால்வர்: மொரின்யோ, அன்செலோட்டி, பெல்லெகிரினி, கோன்டே. நால்வரும் செல்சியிலோ சிட்டியிலோ, பணம் தாராளமாகப் புரண்ட இடத்தில் உட்கார்ந்தவர்கள். பெரியவர் எழுந்துபோன நாற்காலியில் அமர்ந்து, ஏறக்குறைய எதையும் வாங்காமல் ஜெயித்தது இவர் ஒருவர்தான் என்று சொல்லலாம்.

எதையும் வாங்கவில்லை என்றால் எதையும் மாற்றவில்லை என்று பொருளல்ல. இப்ஸ்விச்சுக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்திலேயே அவருடைய கண்டிப்பு தெரிந்தது. முதல் பாதியில் பந்துக்கான மோதல்களில் தோற்றுக்கொண்டிருந்த இளம் தடுப்பாட்டக்காரர் ஜாரெல் குவான்சாவை இடைவேளையிலேயே வெளியே எடுத்து, இப்ராஹிமா கொனாட்டேயை இறக்கினார். கோல் எதுவும் விழாதிருந்த ஆட்டம் 2-0 என்று முடிந்தது. பெரிய மாற்றம் நடுகளத்தில். தடுப்பு வரிசைக்கு முன்னால் நின்று பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் இடத்துக்கு ஸ்பெயினின் மார்ட்டின் சுபிமெண்டியைக் கேட்டார்கள். அவர் வர மறுத்துவிட்டார். அந்த இடத்தில் ரயான் கிராவன்பெர்க்கை நிறுத்தினார் ஸ்லாட். முந்தைய ஆண்டு பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக இருந்தவர் இவர். 38 லீக் ஆட்டங்களில் 37இல் ஆடி, ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதோடு சீசனை முடித்தார். சந்தையில் கிடைக்காததை வீட்டுக்குள்ளேயே தேடி எடுத்ததை வெறும் அதிர்ஷ்டம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஆடும் வேகமும் மாறியது. க்ளாபின் கால்பந்து, பந்தை இழந்த அடுத்த நொடியே கூட்டமாகப் பாய்ந்து பறிப்பது. பார்க்கப் பரவசம், ஆடக் களைப்பு. 2024 பிப்ரவரியில், பிரீமியர் லீக்கிலிருந்து வேறான லீக் கோப்பை என்ற தொடரின் இறுதிப்போட்டியை இளையோர் அணிப் பையன்களை இறக்கி வெல்ல வேண்டிய அளவுக்குக் காயப்பட்டியல் நீண்டிருந்தது. அந்தக் களைப்பின் விலைதான் ஏப்ரல் சரிவு என்று நினைக்கிறேன். ஸ்லாட் பாய்ச்சலை நிறுத்தவில்லை, எப்போது பாய்வது என்பதை வரையறுத்தார். முன்னிலை பெற்றபின் பந்தைத் தன் காலடியிலேயே வைத்து ஆட்டத்தைத் தணிக்கச் சொன்னார். தேரை இழுக்கிற ஆயிரம் கைகள் க்ளாப் காலத்தில் இருந்தன. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்புகிற ஆள் இப்போது வந்தார். பயிற்சியின் பளுவும் அளந்து வைக்கப்பட்டது. முன்கள ஆட்டக்காரர் முகமது சலா 38 லீக் ஆட்டங்கள், தடுப்பாட்டக்காரர் வர்ஜில் வான் டைக் 37, முந்தைய ஆண்டு 22இல் மட்டும் ஆடிய கொனாட்டே 31 என்று முக்கியமானவர்கள் களத்திலேயே இருந்தார்கள். இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு, திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. ஆர்சனலின் மருத்துவர்களும் திறமைசாலிகள்தான்.

எனக்கு எல்லாவற்றிலும் சுவையானது சலாவின் கணக்கு. 2023-24இல் அவர் லீக்கில் 18 கோல் போட்டு, 10 கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தார். அடுத்த சீசனில் 29 கோல், 18 உதவி: 47 கோல்களில் அவர் பங்கு இருந்தது. 38 ஆட்டங்கள் கொண்ட சீசனில் அதுவரை யாரும் எட்டாத எண் அது. பின்னால் ஓடித் தடுக்கிற வேலையை ஸ்லாட் குறைத்துக் கொடுத்ததுதான் காரணம் என்று சலாவே வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அணியின் மொத்தக் கோல் 86ஐத் தாண்டவில்லை! அப்படியானால் மற்றவர்களின் பங்கு சுருங்கியது என்றாகிறது. தார்வின் நூன்யெஸ் 11 கோலிலிருந்து ஐந்துக்கு இறங்கினார். கோல் வரும் வழிகளைப் பரவலாக்காமல் ஒருவர் பக்கம் திருப்பி, அதற்கேற்ப மற்றவர்களைத் தடுப்பு வேலைக்கு நகர்த்தியதால் ஆட்டம் கட்டுக்குள் வந்தது. அதிலிருந்த ஆபத்தை ஸ்லாட் அறியாதவர் அல்ல. தெரிந்தே ஏற்றுக்கொண்ட பந்தயம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பந்தயத்தின் மறுபக்கமும் அதே ஆண்டில் தெரிந்தது. பிப்ரவரி 9 அன்று எஃப்.ஏ. கோப்பையில் முக்கியமானவர்களுக்கு ஓய்வு கொடுத்து ஆடி, இரண்டாம் நிலை லீக்கில் கீழே கிடந்த பிளிமத்திடம் தோற்றார்கள். மார்ச் 11இல் பாரிஸ் அணியிடம் பெனால்டியில் விழுந்து சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேறினார்கள். ஐந்து நாள் கழித்து லீக் கோப்பை இறுதிப்போட்டியில் நியூகாசிலிடம் தோல்வி. ஏறக்குறைய ஒரே பதினோரு பேரை நம்பி ஆடிய அணிக்கு மார்ச்சில் மூச்சு வாங்கியது. லீக் பட்டியலில் அதற்குள் இருந்த இடைவெளிதான் காப்பாற்றியது.

அடுத்த 2025-26 சீசனைக் காட்டி, "முதல் வெற்றி க்ளாபுடையது என்பதற்கு இதுவே சாட்சி" என்பவர்கள் உண்டு. கோடையில் ஃப்ளோரியன் விர்ட்ஸ், அலெக்சாண்டர் இசாக் என்று பெரும் தொகைக்கு ஆள் எடுத்தும், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் 22வரை ஆடிய ஏழு லீக் ஆட்டங்களில் ஆறில் லிவர்பூல் தோற்றது. ஆனால் அந்தச் சாட்சி எதிர்த்தரப்புக்கும் பேசுகிறது. அது க்ளாப் விட்டுப்போன அணியே அல்ல. ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் ரியல் மாட்ரிட் போய்விட்டார், லூயிஸ் டியாஸும் நூன்யெஸும் விற்கப்பட்டார்கள், டியோகோ ஜோட்டா ஜூலையில் சாலை விபத்தில் இறந்துபோனார். இருப்பதைக் குலைக்காமல் திருத்துவது ஒரு வேலை, சிதறியதைச் சேர்த்துப் புதிதாகக் கட்டுவது வேறொரு வேலை; இரண்டாவதில் தடுமாறினார் என்பதற்காக முதலாவதைப் பறித்துக்கொள்ள முடியாது. விமர்சகர்கள் கை வைக்க வேண்டிய இடம் சலாவின் அந்த 47தான். மொத்தக் கோல்களில் பாதிக்கு மேல் ஒருவரைச் சார்ந்திருந்த அணி, 33 வயதாகப்போகிற அவருக்குப் புது ஒப்பந்தம் கொடுத்ததே தவிர, அவர் ஓய்ந்தால் கோல் எங்கிருந்து வரும் என்பதற்கு அந்த வெற்றி ஆண்டில் வழி தேடவில்லை.