லங்காட் தொகுதியில் அன்று யார் வாக்காளர்?

தெலுக் பங்லிமா காராங்கில் வாழும் நாம் இன்று கோல லங்காட் நாடாளுமன்றத் தொகுதியின் வாக்காளர்கள். சட்டமன்றத்துக்கு சிஜங்காங். ஆனால் வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே இந்தப் பக்கத்துக்கு ஒரு தொகுதி இருந்தது. பெயர் 'லங்காட்', அவ்வளவுதான்.

1955 ஜூலை 27-ஆம் தேதி மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அப்போது நாடாளுமன்றம் கிடையாது, கூட்டரசு சட்டமன்றம்தான். 52 இடங்களுக்கு மட்டும் தேர்தல், மற்றவர்கள் நியமனம். சிலாங்கூருக்குக் கிடைத்த 7 இடங்களில் லங்காட் ஒன்று. கூட்டணிக் கட்சி 51 இடங்களை வென்றது. அதில் ம.இ.கா.வுக்கு இரண்டு.

கேரித் தீவு முதல் பந்திங் வரை தோட்டங்களில் நம்மவர்கள் நிறைந்திருந்த காலம் அது. வாக்குச்சீட்டு எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று பாருங்கள்: நாட்டின் வாக்காளர்களில் மலாய்க்காரர்கள் சுமார் 84 விழுக்காடு, சீனர்கள் 11. இந்தியர்களும் பிறரும் சேர்ந்து 5 விழுக்காடுகூட இல்லை. காரணம் குடியுரிமை. தமிழ்நாட்டில் பிறந்து கப்பலேறி வந்தவர், எத்தனை வருஷம் பால் வெட்டியிருந்தாலும், தானாகக் குடிமகன் ஆகிவிடவில்லை.

1957-இல் கதவு திறந்தது. சுதந்திரத்துக்கு முன்பே இங்கு வசித்தவர், கடந்த 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் இருந்ததைக் காட்டிப் பதியலாம். முதல் ஓராண்டுக்கு மலாய் மொழித் தேர்வும் இல்லை. அந்த ஓராண்டைத் தவறவிட்ட குடும்பங்கள் பல. சிவப்பு ஐசி என்றால் என்ன என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பக்கத்துக் கிள்ளானில் 1959-இல் வெ. மாணிக்கவாசகம் நாடாளுமன்றம் சென்றார். 1974 எல்லைச் சீரமைப்பில் அவர் தொகுதி போர்ட் கிள்ளான் ஆனது. பின்னர் அந்தப் பெயரும் போய், 1986-இல் கிள்ளானே திரும்பி வந்தது. லங்காட்டும் கோல லங்காட் ஆயிற்று. பெயர் மாறுவது பெரிய விஷயமில்லை, எல்லை மாறுவதுதான் விஷயம். தேர்தல் ஆணையம் வரைவை வெளியிடும்போது 100 வாக்காளர்கள் சேர்ந்தாலே ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளராகப் பதிவாகிறார்கள். ஐசியில் உள்ள முகவரிதான் தொகுதியைத் தீர்மானிக்கிறது. தோட்டத்தை விட்டு தாமானுக்கு வந்து வருஷங்கள் ஆகியும் பழைய லயத்து முகவரியே ஐசியில் இருந்தால், ஓட்டும் அங்கேதான். தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்றிவிட்டு, தேர்தல் ஆணையத்தின் 'மைஎஸ்பிஆர் செமாக்' பக்கத்தில் ஐசி எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.