வழக்கை நோக்கி அறம் காணல்

அறநூல்கள் பொதுவிதிகளை வகுத்துத் தருகின்றன. வாழ்க்கையோ தனித்தனி நிகழ்ச்சிகளையே நம் முன் நிறுத்துகிறது. இரு விதிகள் தம்முள் முரணும்போது யாது செய்வது? நிகழ்ச்சியோடு நிகழ்ச்சியை ஒப்பிட்டு அறம் காண்பது ஒரு வழி.

கிரேக்க அறிஞர் பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் முதற் பகுதியில் ஒரு நிலைமையைக் காட்டுகிறார். நண்பன் ஒருவன் தெளிந்த அறிவோடு இருந்தபோது தன் படைக்கலத்தை நம்மிடம் ஒப்படைத்தான். பின்னர்ச் சித்தம் கலங்கிய நிலையில் வந்து அதனைக் கேட்கிறான். கொடுத்தல் தகுமோ? தகாது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அடைக்கலப் பொருளைத் திருப்பித் தரவேண்டும் என்னும் விதி பொய்த்துவிடவில்லை; உரியவனின் நன்மை கருதி எழுந்த அவ்விதி, இங்கு அவனுக்கே ஊறு விளைக்கும்.

இவ்வாறு ஐயத்திற்கு இடமில்லாத நிகழ்ச்சியை முதலில் அளவுகோலாகக் கொள்ளவேண்டும். பிறகு நம் சிக்கலை அதனருகே வைத்து, எதில் ஒக்கும், எதில் வேறுபடும் என்று ஆராயவேண்டும்.

உங்கள் தோழன் ஒருவன், எவரிடமும் சொல்வதில்லை என்று உறுதி பெற்றுக்கொண்டு, தன் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவதாகக் கூறுகிறான் எனக் கொள்வோம். இரகசியமும் ஓர் அடைக்கலப் பொருளே. அது தேர்வில் தவறிய செய்தியாக மட்டும் இருந்திருப்பின், காத்தலே அறம். இங்கோ, வாய் மூடியிருத்தல் அவன் உயிருக்கே உலையாகலாம். எனவே சொல்லவேண்டும். யாரிடம்? படைக்கலத்தைத் தர மறுத்தவன் அதைத் தெருவில் எறிவதில்லை. அதுபோலவே, அவனைக் காக்கவல்ல பெற்றோர், ஆசிரியர், மருத்துவர் ஆகியோரிடம் உடனே கூறவேண்டும். வகுப்பெங்கும் பரப்புதல் பழியாகும்.

இம்முறை அண்மைக் காலத்திலும் பயன்பட்டுள்ளது. அமெரிக்காவில் டஸ்கீகி என்னும் இடத்தில், மேகநோயுற்ற கறுப்பின ஆடவர்க்கு உண்மையை மறைத்து, தக்க மருந்தும் அளியாமல், 1932 முதல் 1972 வரை நோயின் போக்கை ஆராய்ந்தனர். அக்கொடுமை வெளிப்பட்ட பின்னர், மனிதர்மீது நடத்தும் ஆராய்ச்சிகளுக்கு நெறி வகுக்க 1974-இல் சட்டத்தின்வழி 11 பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பெற்றது. அதனுடன் பணியாற்றிய தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் வியப்பானதொன்றைக் கண்டார்: தனித்தனி நிகழ்ச்சிகளில் உறுப்பினர் பெரும்பாலும் ஒத்த முடிவுக்கே வந்தனர், அம்முடிவுக்கு அடிப்படைக் காரணம் கூறும்போதுதான் வேறுபட்டனர்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இம்முறையைக் கொண்டு தவறுகளுக்குச் சாக்குத் தேடியோரைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 1656, 1657 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கடிதங்களில் கடுமையாகச் சாடினார். ஆகவே, ஒரு வேறுபாட்டை நீங்கள் காணும்போது, 'இஃது உண்மையில் உள்ளதா, என் வசதிக்காக யான் கற்பித்ததா?' என்று உங்களையே வினவுங்கள். அவ்வினாவிற்கு அஞ்சாத முடிவே அறமாகும்.