74.5 என்பது ஏ சித்தியா, பீ சித்தியா?

தசமத்தில் ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் ஒன்றைக் கூட்டுவோம், குறைந்தால் விட்டுவிடுவோம். மட்டந்தட்டல் என்று கணித பாடத்தில் நாம் படித்தது இதுதான். இந்த விதி எல்லா இடத்துக்கும் ஒன்றே என நம்புகிறோம். ஆனால், எல்லாக் கணினிச் செயலிகளும் அவ்வாறு செய்வதில்லை.

ஒரு மாணவியின் இரண்டு வினாத்தாள்களின் சராசரி 74.5 என்று வைத்துக்கொள்வோம். எக்செல் விரிதாளின் 'ரவுண்ட்' சார்பு இதை 75 ஆக்கும். அதே எக்செலுக்குள் தரவுகளைச் சீராக்கித் தரும் 'பவர் குவெரி' 74 ஆக்கும். 75 என்றால் ஏ. 74 என்றால் பீ. 34.5 எடுத்த பிள்ளையின் நிலை இன்னும் பாரதூரமானது. ஒன்றில் 35, சித்தி. மற்றையதில் 34, சித்தியில்லை.

இரண்டும் பிழையல்ல. சரிபாதியில் நிற்கும் நேர் எண்ணை எக்செலின் 'ரவுண்ட்' சார்பு மேலே ஏற்றுகிறது. பவர் குவெரியோ அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகிறது. அதனால் 74.5 ஆனது 74 ஆகிறது, 75.5 ஆனது 76 ஆகிறது. ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது மொத்தம் ஒரு பக்கம் சாய்ந்துவிடாதிருக்க இம்முறை உதவுகிறது. ஆனால் தனியொரு பிள்ளையின் புள்ளிக்கு எந்த விதி என்பதை மனிதர்தான் தீர்மானித்துக் கணினிக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்தது நிபந்தனை. ஒரே அட்டவணையில் பாடப் புள்ளியும் இசட் புள்ளியும் 'வரவில்லை' என்ற சொல்லும் கலந்திருக்கலாம். 2001 இல் பல்கலைக்கழக அனுமதிக்கு அறிமுகமான இசட் புள்ளி நான்கு தசமதானங்களில் தரப்படுகிறது. அம்பாறை மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளியும் அவ்வாறே வெளியாகிறது. அதை முழு எண்ணாக்கினால் 1.6 எடுத்தவரும் 2.4 எடுத்தவரும் 2 என்ற ஒரே இடத்தில் நிற்பர். ஆகவே பவர் குவெரியில் புதிய நிரலொன்றைச் சேர்த்து, 'இஃப், தென், எல்ஸ்' என்ற சொற்களைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் இட்டு இப்படிக் கட்டளையிடலாம்: பாடப் புள்ளியாயின் முழு எண்ணுக்கு மட்டந்தட்டு, இசட் புள்ளியாயின் நான்கு தசமதானத்துக்கு மட்டந்தட்டு, எண்ணே இல்லையாயின் உள்ளபடி விடு. பரீட்சைக்கு வராத பிள்ளைக்குப் பூச்சியம் போடுவது நீதியாகாது.

எதை முதலில் செய்வது என்பதும் முக்கியம். 1992 ஏப்ரல் 5 இல் ஜேர்மனியின் ஸ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலத் தேர்தல் நடந்தது. ஆசனம் பெற 5 சதவீத வாக்குகள் தேவை. பசுமைக் கட்சி பெற்றது 4.97 சதவீதம். கணினி அதை மட்டந்தட்டி 5.0 என்று காட்டியதால் அக்கட்சிக்கு ஆசனம் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. பிழை தெரியவந்ததும் முடிவு மாற்றப்பட்டது. சமூக ஜனநாயகக் கட்சி ஓர் ஆசனப் பெரும்பான்மை பெற்றது.

எல்லையைத் தாண்டியதா என்பதை மூல எண்ணைக் கொண்டே பார்க்க வேண்டும். மட்டந்தட்டல் கடைசி வேலை. மூல நிரலை அழிக்கவும் கூடாது. பெற்றோரும் தேர்ச்சி அறிக்கையில் 74 ஐக் கண்டால், பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் மட்டந்தட்ட முன்னர் அது எவ்வளவு என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.